மசில்லோடர் சீசனில் ஸ்கோப்பும் இன்லைனும்: கோட்டை எங்கே போடுவது?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பென்சில்வேனியாவில் குடியிருக்கும் நம்மவர் ஒருவர், அக்கம்பக்கத்து நண்பர்களோடு மான் வேட்டைக்குப் போகத் தொடங்கியிருக்கிறார். மசில்லோடர் (குழலின் வாய் வழியாக மருந்து நிரப்பும் துப்பாக்கி) ஒன்றை வாங்கியிருக்கிறார். அது இன்லைன் என்ற புது வகை, மேலே ஸ்கோப், அதாவது தொலைநோக்கிக் குறி, பூட்டியது. அடுத்த ஆண்டு அதையே கொலராடோவுக்கு எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்குக் கொண்டுபோக ஆசை. கூட வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் மசில்லோடரே இல்லை, ஏமாற்று வேலை" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாராம். அவர் சொன்னது சரியா, ஒரு துப்பாக்கிக்காக ஏன் இவ்வளவு சண்டை என்று கேட்கிறார்.

அந்தப் பெரியவரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவர் கோபப்பட வேண்டியது உங்கள் துப்பாக்கி தீப்பிடிக்கும் விதத்தைப் பார்த்து இல்லை, மேலே பூட்டியிருக்கும் ஸ்கோப்பைப் பார்த்துத்தான். அதுவும் எல்லா மாநிலத்திலும் இல்லை. பதினைந்து ஆண்டுகளாக இரண்டு வகையையும் தூக்கிக்கொண்டு காட்டில் அலைந்தவன் நான். எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்று சொல்கிறேன்.

மசில்லோடர் என்றால் குழலின் வாய் வழியாகக் கரிமருந்தையும் குண்டையும் போட்டுக் கோலால் இடித்துக் கெட்டிக்கும் துப்பாக்கி. நம் ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்பார்கள். வன்னிப் பக்கம் இடியன் துவக்கு. இடித்து நிரப்புவதால் இடியன். இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே குற்றம் என்று பழகிவிட்ட நமக்கு, அரசாங்கமே தேதி குறித்து, சீட்டுக் கொடுத்து மான் சுடச் சொல்வது விநோதமாகத்தான் இருக்கும். அமெரிக்காவின் கதை வேறு. 1900 வாக்கில் நாடு முழுவதும் வெள்ளைவால் மான்கள் ஐந்து லட்சம் இருந்தாலே அதிகம். இன்று சுமார் மூன்று கோடி. ஓநாயும் பூமாவும் கிழக்குப் பகுதிகளில் அற்றுப்போனபின், மான் கூட்டத்தை அளவில் வைத்திருப்பது வேட்டைக்காரர்கள்தான். இதை நிர்வகிப்பது அந்தந்த மாநிலம். அதனால்தான் ஒரே துப்பாக்கி ஒரு மாநிலத்தில் சட்டப்படி சரியாகவும், எல்லை தாண்டினால் குற்றமாகவும் இருக்கிறது.

வில்லுக்கு ஒரு சீசன், சாதாரண ரைஃபிளுக்கு ஒரு சீசன், மசில்லோடருக்குத் தனியாக ஒரு சீசன் என்று பிரித்திருக்கிறார்கள். இந்தத் தனிச் சீசன் ஏன் வந்தது என்பதில்தான் சண்டையின் வேர் இருக்கிறது.

கரிமருந்துத் துப்பாக்கியால் சுடுவதை ஒரு மரபாகக் காப்பாற்றும் தேசியச் சங்கம் 1933லேயே தொடங்கிவிட்டது. இண்டியானாவின் ஃப்ரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில் இன்றும் அதன் போட்டிகள் நடக்கின்றன. ஆனால் வேட்டைக்காரர்கள் பெருமளவில் இதன் பக்கம் திரும்பியது 1970களில். தாம்ஸன் சென்டர் நிறுவனம் 1970ல் ஹாக்கன் என்ற பழைய ரைஃபிளின் மாதிரியில் ஒரு துப்பாக்கியைக் கடைக்குக் கொண்டுவந்தது. நாட்டின் இருநூறாவது ஆண்டு விழாவும் 1976ல் நெருங்கிக்கொண்டிருந்தது. தாத்தா காலத்துக் கருவியைக் கையில் எடுக்க எல்லாருக்கும் ஆசை. மாநிலங்களும் யோசித்தன: இந்தக் கருவியால் நூறு கஜத்துக்குள்தான் சுட முடியும், ஒரு முறை சுட்டால் மறுபடி நிரப்ப அரை நிமிடமாவது ஆகும், மழை பெய்தால் வெடிக்காமலே போகும். அப்படியானால் இவர்களுக்கு நல்ல தேதிகளைக் கொடுத்தாலும் மான் கூட்டம் அழிந்துவிடாது. கொலராடோவில் மசில்லோடர் சீசன் செப்டம்பர் நடுவில், எல்க்குகள் இணைசேரும் காலத்தில் வருகிறது. கொம்பன் கூவிக்கொண்டே நாம் எழுப்பும் குரலுக்கு அருகே வந்து நிற்கும் நாட்கள் அவை. ரைஃபிள்காரர்கள் பொதுச் சீசனுக்கு அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும். கருவி பலவீனமானது என்பதற்காகக் கொடுத்த சலுகை அது. அந்தப் பலவீனம் போய்விட்டால் சலுகை மட்டும் எப்படி நிற்கும் என்பதுதான் பெரியவரின் கோபத்துக்கு அடியில் இருக்கும் கேள்வி.

அந்தப் பலவீனம் எப்படிப்பட்டது என்று கையால் தொட்டவர்களுக்குத்தான் தெரியும். ஃப்ளின்ட்லாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். விசையை இழுத்தால், தாடையில் கவ்வியிருக்கும் சிக்கிமுக்கிக் கல் ஓர் எஃகுத் தகட்டில் உரசும். தீப்பொறி கீழே உள்ள கிண்ணியில் விழும். கிண்ணியில் இருக்கும் பொடிமருந்து பற்றி, குழலின் பக்கவாட்டில் உள்ள ஊசித்துளை வழியாக உள்ளே இருக்கும் மருந்துக்குத் தீ போகும். அதற்குள் முகத்துக்கு முன்னால் ஒரு தீச்சுவாலை எழுந்துவிடும். கண்ணை மூடாமல், கையை அசைக்காமல் இருக்கப் பழகவே எனக்கு இரண்டு கோடைக்காலம் ஆனது. கரிமருந்து காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் பனிக்காலையில் கிண்ணி மருந்தை அடிக்கடி துடைத்து மாற்ற வேண்டும். சுட்டபின் வெண்புகை கண்ணை மறைக்கும், மான் எந்தப் பக்கம் ஓடியது என்றே தெரியாது. மாலையில் வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் ஊற்றிக் குழலைக் கழுவியாக வேண்டும். சோம்பல்பட்டு இரண்டு நாள் விட்டுவிட்டால் துரு பிடித்துவிடும்.

என் மூன்றாவது சீசனில், கிறிஸ்துமஸுக்கு அடுத்த வாரம், பனி உறைந்த ஒரு சரிவில் நாற்பது கஜத்தில் ஒரு பெண் மான் நின்றது. விசையை இழுத்தேன். கிண்ணியில் புஸ்ஸென்று எரிந்தது, குழலுக்குள் இருந்த மருந்து பற்றவே இல்லை. துளையில் முந்தின நாள் கசடு அடைத்திருந்தது. மான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு மெதுவாகவே நடந்து போனது. அன்றைக்கு எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அதே மருந்து பாதி ஈரமாகி, ஒரு கணம் தாமதமாக வெடித்து, அதற்குள் என் கை அசைந்து, குண்டு மானின் வயிற்றில் பட்டிருந்தால்? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறேன்.

அடுத்து வந்தது கேப். ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத், அடித்தால் வெடிக்கும் ரசாயனத்தால் துப்பாக்கியைப் பற்றவைக்கும் முறைக்கு 1807ல் காப்புரிமை வாங்கினார். சில ஆண்டுகளில் அது செம்புத் தொப்பியாக மாறியது. தீபாவளிக்குக் குழந்தைகள் கேப் துப்பாக்கியில் வெடிக்கும் பொட்டுக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான். கல் உரசும் சிக்கல் தீர்ந்தது, நனையும் சிக்கலும் பாதி தீர்ந்தது.

1985ல் மிஸௌரியைச் சேர்ந்த டோனி நைட் என்ற துப்பாக்கிக் கைவினைஞர், கேப்பைப் பக்கவாட்டில் வைக்காமல் குழலுக்கு நேர் பின்னாலேயே வைத்து ஒரு துப்பாக்கி செய்தார். மகள் மிஷெலின் பெயரால் அதற்கு எம்.கே.-85 என்று பெயர். தீ வளைந்து போக வேண்டியதில்லை, நேராக மருந்தில் பாயும். பிடியும் எடையும் இன்றைய ரைஃபிள் மாதிரி. இன்லைன் என்ற வகை சந்தையைப் பிடித்தது இதிலிருந்துதான். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தன: ஷாட்கன் தோட்டாவில் மருந்தைப் பற்றவைக்கப் போடும் 209 பிரைமர், அளந்து ஊற்றும் வேலையில்லாத வில்லை மருந்து, பிளாஸ்டிக் உறைக்குள் உட்காரும் கூர்முனைக் குண்டு, பெரிதாக்கும் ஸ்கோப். ஓஹையோ, இல்லினாய், அயோவா போன்ற மாநிலங்கள் மான் வேட்டையில் சாதாரண ரைஃபிளை நெடுங்காலம் விடவில்லை. அப்போது அங்கே கையில் எடுக்க முடிந்த துல்லியமான துப்பாக்கிகளில் இன்லைன் முக்கியமானது. அதன் வளர்ச்சிக்கு அது ஒரு பெரிய உந்துதல்.

மருந்தும் மாறியது. உண்மையான கரிமருந்து வெடிபொருள் பட்டியலில் இருப்பதால் சாதாரணக் கடைகள் அதை வைக்கத் தயங்கின. அதற்கு மாற்றாக 1970களில் டான் பாவ்லக் பைரோடெக்ஸைக் கண்டுபிடித்தார். 1977ல் அந்த ஆலையில் நடந்த விபத்தில் அவரே இறந்துபோனார். அவர் கண்டுபிடித்த மருந்து இல்லாவிட்டால் இந்த வேட்டை இத்தனை பேருக்கு எட்டியிருக்காது. ஆனால் பின்னால் வந்தவர்கள் அங்கேயே நிற்கவில்லை. 2000 வாக்கில் சாவேஜ் நிறுவனம், இன்றைய தோட்டாக்களில் இருக்கும் வலுவான புகையில்லா மருந்தையே தாங்கும் 10எம்.எல். என்ற மசில்லோடரைக் கொண்டுவந்தது. 2020ல் வந்த நைட்ரோஃபயரில் மருந்து ஒரு மூடிய பிளாஸ்டிக் குப்பியில் பின்பக்கமாக உள்ளே போகிறது, குண்டு மட்டும் முன்வாய் வழியாக. இதை மசில்லோடர் என்று சொல்வதா என்று மாநிலங்களே ஆளுக்கு ஒரு முடிவு எடுத்தன. மத்திய அரசோ அதைச் சாதாரணத் துப்பாக்கியாகவே கணக்கில் வைத்தது. 1968 துப்பாக்கிச் சட்டப்படி, வாய்வழி நிரப்பும் கரிமருந்துத் துப்பாக்கிகள் பழம்பொருள் வகையில் சேர்ந்து, பெரும்பாலான கட்டுப்பாடுகளிலிருந்து தப்பிவிடும். இதற்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. என் கருத்தைக் கேட்டால், மருந்து பின்பக்கமாகப் போகும் எதையும் இந்தச் சீசனில் விடக்கூடாது. பெயரிலேயே இருக்கும் ஒரே நிபந்தனையைக்கூட அது நிறைவேற்றவில்லை.

இதைவிடத் தூரம் போன மாநிலங்களும் உண்டு. மிஸிஸிப்பியிலும் லூயிஸியானாவிலும் இந்தச் சீசனுக்கு 'பழங்கால ஆயுதம்' என்று பெயர். வெளியே சுத்தியல் தெரியும் ஒற்றைத் தோட்டா ரைஃபிளையும் அதில் சேர்த்தார்கள். உடனே 35 வீலன் என்ற தோட்டாவுக்குக் கிராக்கி ஏறியது. 1922ல் உருவான, புகையில்லா மருந்து நிரப்பிய, எல்க்கையே சாய்க்கும் தோட்டா அது. அதற்கென்றே விலை குறைவான ஒற்றைக்குழல் ரைஃபிள்கள் செய்து விற்றார்கள். அங்கே மான் நிறைய. யாருக்கும் நஷ்டமில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பெயரை மட்டும் ஏன் வைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மேற்கு மாநிலங்களில் எல்க், மியூல் மான் வேட்டைக்குப் பெரும்பாலும் குலுக்கலில்தான் சீட்டு. நல்ல பகுதிக்கு இருபது ஆண்டுகள்கூடக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். உயிரியலாளர்கள் முதலில் எத்தனை விலங்கு போனால் கூட்டம் தாங்கும் என்று கணக்குப் போடுவார்கள். அப்புறம் நூறு பேரில் எத்தனை பேர் வெற்றியோடு திரும்புகிறார்கள் என்று பார்த்துச் சீட்டின் எண்ணிக்கையை முடிவு செய்வார்கள். ஓர் உதாரணத்துக்கு நானே எண்களைப் போடுகிறேன். ஒரு பகுதியில் 100 எல்க் எடுக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு இருபது பேர் வெல்லும் கருவி என்றால் 500 பேருக்குச் சீட்டு கொடுக்கலாம். கருவி நன்றாகி நூற்றுக்கு நாற்பது பேர் வெல்லத் தொடங்கினால் 250 பேருக்குத்தான். மீதி 250 பேர் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். நீங்கள் பூட்டும் ஸ்கோப்பின் விலையில் ஒரு பங்கை, முகம் தெரியாத இன்னொருவர் தன் காத்திருப்பு ஆண்டுகளால் கட்டுகிறார். இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்துதான் பெரியவர்களின் கோபத்தை வெறும் பழமைவாதம் என்று நான் ஒதுக்குவதில்லை.

யூட்டாவில் நடந்ததைப் பாருங்கள். 2016ல் மசில்லோடர் வேட்டைக்குப் பெரிதாக்கும் ஸ்கோப்பை அனுமதித்தார்கள். துப்பாக்கிக் கைவினைஞர்களும் விடவில்லை. முன்னூறு கஜம், அதற்கு மேலும் சுடக்கூடிய மசில்லோடர்கள் வந்தன. மியூல் மான்களோ வறட்சியிலும் கடும் பனியிலும் குறைந்துகொண்டிருந்தன. கடைசியில் 2024 தொடக்கத்தில் மாநிலத்தின் வனவிலங்கு வாரியம் பெரிதாக்கும் ஸ்கோப்பை மசில்லோடர் சீசனிலிருந்து எடுத்துவிட்டது. குழலின் மேல் இருக்கும் சாதாரணக் குறிமுள்ளோ, பெரிதாக்காத ஒரு மடங்கு ஸ்கோப்போ வைத்துக்கொள்ளலாம். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் தனி அனுமதி கேட்கலாம். நியூ மெக்ஸிகோ அதற்கு முந்தைய ஆண்டே ஸ்கோப்பை நிறுத்திவிட்டது. எட்டு ஆண்டுப் பழக்கத்தை ஒரு வாரியம் திரும்பப் பெறுவது சாதாரண காரியம் இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் அதற்காகவே பணம் போட்டுத் துப்பாக்கி வாங்கியிருந்தார்கள். ஒருமுறை கொடுத்ததைப் பறிப்பது எவ்வளவு வலி என்பதால்தான், புதிதாக ஏதாவது கேட்கும்போதே மாநிலங்கள் யோசித்து நடக்க வேண்டும் என்கிறேன்.

இன்லைன் தரப்பின் வாதங்களையும் சொல்லாமல் விடக்கூடாது. "பழைய துப்பாக்கிகளிலும் ஸ்கோப் இருந்ததே" என்பார்கள். இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்குப் படையின் குறிபார்த்துச் சுடுபவர்கள் சிலர் விட்வொர்த் ரைஃபிளில் தொலைநோக்கி வைத்திருந்தார்கள். ஆனால் அது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரின் கருவி. காட்டில் மான் தேடிப் போன குடியானவரிடம் இருந்ததில்லை. இந்த வாதத்தில் எனக்குப் பெரிய மதிப்பு இல்லை.

இரண்டாவது வாதம் வேறு. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் குறிமுள்ளும் மானும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியாது. எனக்கே தெரிவதில்லை. அரைகுறையாகத் தெரியும் குறியை நம்பிச் சுட்டு, ஒரு மானைக் காயப்படுத்திவிட்டு இருட்டில் ரத்தத்துளி தேடி அலைவதைவிட ஸ்கோப் வைப்பது இரக்கமான செயல் என்கிறார்கள். இதற்கு யூட்டா சொன்ன ஒரு மடங்கு ஸ்கோப்தான் நியாயமான பதில் என்று நினைக்கிறேன். குறியும் இலக்கும் ஒரே தளத்தில் தெரியும், கண் களைக்காது, ஆனால் தூரத்து மான் பக்கத்தில் வந்து நிற்பது போன்ற மயக்கம் வராது. அந்த மயக்கம்தான் ஆபத்து. ஒன்பது மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் 250 கஜத்து மானையும் சுடலாம் என்று கை துடிக்கும். ஐம்பது கஜத்தில் காயப்படுத்தாமல் காப்பாற்றிய அதே ஸ்கோப், 250 கஜத்தில் காயப்படுத்த வைக்கும்.

சரி, இப்போது அந்தப் பனிச்சரிவில் நின்ற மானுக்குத் திரும்புவோம். கேப்போ 209 பிரைமரோ வைத்தால் எத்தனை கஜம் கூடுகிறது? தூரம் என்ற வகையில் கணக்கில் எடுக்கும் அளவுக்கு எதுவும் கூடுவதில்லை. விசையை இழுத்தால் வெடிக்கும், இழுத்த கணத்தில் வெடிக்கும், அவ்வளவுதான். அதனால் பாதி வெடித்துக் காயப்படும் மான்கள் குறையும். தூரத்தைக் கூட்டுவது வேறு மூன்று சமாச்சாரங்கள்: பெரிதாக்கும் ஸ்கோப், பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் கூர்முனைக் குண்டு, வலுவான புது மருந்து. அரை அங்குலக் குழலில் துணி சுற்றிப் போடும் ஈய உருண்டை நூறு கஜம் போவதற்குள் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும், வலுவில் பாதிக்கு மேல் போய்விடும். காற்று அதைப் பிடித்து நிறுத்துகிறது. இயற்கையே போட்ட வேலி அது. கூர்முனைக் குண்டு அந்த வேலியைத் தாண்டுகிறது.

இதனால்தான் ஐடஹோவின் விதியைவிடக் கொலராடோவின் விதி எனக்குப் பிடிக்கும். ஐடஹோவில் மசில்லோடர் மட்டுமே என்று ஒதுக்கிய வேட்டைகளில் பற்றவைக்கும் இடம் வெளியே திறந்திருக்க வேண்டும், 209 பிரைமர் கூடாது, வில்லை மருந்து கூடாது, உறைக்குண்டு கூடாது, ஸ்கோப் கூடாது. மரபை நேசிப்பவர்களின் விதி. அதை மதிக்கிறேன். கொலராடோவோ இன்லைனை விட்டுவிட்டு, ஸ்கோப், வில்லை மருந்து, புகையில்லா மருந்து, பிளாஸ்டிக் உறை ஆகியவற்றைத் தடுக்கிறது. அதாவது வெடிக்கும் உறுதியை அனுமதித்து, நீளும் தூரத்தைத் தடுக்கிறது. விலங்குக்கு எது நல்லது, காத்திருக்கும் மற்றவருக்கு எது நியாயம் என்று இரண்டையும் பார்த்தால் கோடு அங்கேதான் விழ வேண்டும்.

உங்கள் பென்சில்வேனியாவில் வேறு வழி கண்டார்கள். 1974லிருந்து கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய சீசன் ஃப்ளின்ட்லாக்குக்கு மட்டும். கேப்கூடக் கிடையாது. இன்லைன்காரர்களுக்கு அக்டோபரில் கொம்பில்லாத மான்களுக்கென்று தனியாக ஒரு வாரம், ஸ்கோப்பும் வைக்கலாம். அங்கே பெண் மான்களைக் குறைப்பதுதான் நோக்கம், அதனால் கருவி எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஜனவரிப் பனியில் நடப்பது முழுக்க மரபு. அந்த மாநிலத்து லங்காஸ்டர் பகுதியில் குடியேறிய ஜெர்மானியக் கைவினைஞர்கள்தான் அமெரிக்காவின் நீண்ட குழல் ரைஃபிளை உருவாக்கினார்கள். ஆகவே அந்த ஜனவரிச் சீசனிலும் இன்லைனை விடுங்கள் என்று அவ்வப்போது எழும் கோரிக்கையை நான் மனதார எதிர்க்கிறேன். கேட்பவர்களுக்கு ஏற்கெனவே ஒரு வாரம் இருக்கிறது. கல் உரசிச் சுடுபவர்களுக்கு இதை விட்டால் தங்களுக்கென்று தனி இடம் இல்லை.

வில்வேட்டையிலும் இதே கதைதான். ஹாலிஸ் ஆலன் கப்பி வைத்த வில்லுக்கு 1969ல் காப்புரிமை பெற்றார். அப்போது அது வில்லே இல்லை என்றவர்களின் பிள்ளைகள், இன்று கையில் கப்பி வில்லோடு நின்று குறுக்குவில்லை எதிர்க்கிறார்கள். ஆகவே இன்றைய கோடு நாளைக்கும் நிற்கும் என்று நான் சொல்லமாட்டேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அக்டோபரில் உங்கள் துப்பாக்கியை இருக்கிறபடியே எடுத்துப் போங்கள், யார் என்ன சொன்னாலும் அது முறையான வேட்டை. கொலராடோவுக்குப் போவதானால் ஸ்கோப்பைக் கழற்றிக் குறிமுள் பூட்டுங்கள். வில்லை மருந்தை விட்டு அளந்து ஊற்றும் மருந்துக்கு மாறுங்கள். குழலின் அளவுக்கே வார்த்த, உறையில்லாத ஈயக் குண்டு வாங்குங்கள். எல்க்குக்கு 50 காலிபருக்கு, அதாவது அரை அங்குலக் குழலுக்கு, குறையக்கூடாது. புதுக் குண்டும் புது மருந்தும் வேறு இடத்தில் போய் விழும், அதனால் கோடை முழுக்கச் சுட்டுப் பழகி, காகிதத் தட்டு அளவுக்குள் எத்தனை கஜம் வரை தவறாமல் அடிக்கிறீர்களோ அதற்கு மேல் சுடாதீர்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன, அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். அந்தப் பெரியவரிடம் ஃப்ளின்ட்லாக் இருந்தால், கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள் உங்களையும் கூட்டிப்போகச் சொல்லிக் கேளுங்கள். மாட்டேன் என்று சொல்லமாட்டார்.